கருணையைச் சட்டமாக்கிய அம்மையார்
ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986)

தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் ஏலமலைச் சரிவுகள் வானத்தின் பாதியை மறைத்து நிற்கும். சாலைகள் வருமுன் அம்மலைக்கு ஏறிய அரிசியும் உப்பும், அங்கிருந்து இறங்கிய ஏலமும் மிளகும் மனிதர் தலையிலும் விலங்கின் முதுகிலுமே பயணம் செய்தன. போடிநாயக்கனூர் மலைப்பகுதியில் வண்டி எட்டாத சிற்றூர்களுக்குக் கழுதைகளும் குதிரைகளும் இன்றும் பொதி சுமந்து ஏறுகின்றன. அவ்வாறு ஏறும் கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது. மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்பது வரம்பு. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையே ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. வெயில் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் முதல் மூன்று மணி வரை பூட்டலாகாது. இவை யாவும் 1965ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகள்.

பேசவியலாத ஓர் உயிரின் முதுகுவலியை இவ்வாறு கிலோக் கணக்கில் எழுதிவைக்கும் நிலை தானாக வந்ததன்று. அவ்விதிகளுக்குத் தாயாக விளங்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் நம் மதுரை மண்ணில் பிறந்த ஒரு பெண்மணி. நாட்டியக் கலையின் பெயரால் உலகம் அவரை அறியும். கலாக்ஷேத்திரத்தின் நிறுவனர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். ஆயினும் அவர் வாழ்வின் மற்றொரு பாதி நம்மவருள் பலரும் அறியாதது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமூகத்தின் விழா மலரில் அந்தப் பாதியை எடுத்துரைப்பது பொருத்தமுடையது என்று கருதி இவ்வரலாற்றைத் தொகுத்துரைக்கிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி அரசுப் பொதுப்பணித் துறையில் பொறியாளர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு மிக்கவர். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களும் தீர்த்தங்கரர் உருவங்களும் இருப்பதை நாம் அறிவோம். நம் பகுதியிலும் உத்தமபாளையத்துப் பாறையில் அத்தகைய திருவுருவங்கள் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு விளங்குகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அகிம்சை பேசிய கற்கள் சூழ்ந்த நிலத்தில் அக்குழந்தை பிறந்தது என்பதைத் தற்செயல் என்றே கொள்வோம். நினைப்பதற்கு இனிய தற்செயல் அது.

நீலகண்ட சாஸ்திரியார் பிரம்மஞான சங்கத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். பணி ஓய்வுக்குப் பின் குடும்பத்தோடு சென்னை அடையாற்றில், சங்கத்தின் தலைமையிடத்துக்கு அருகில் குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் அறிவும் ஆளுமையும் நிறைந்திருந்த அச்சூழலில் ருக்மிணி வளர்ந்தார். எல்லா உயிர்களும் ஒரே குடும்பம் என்னும் எண்ணமும், புலால் உண்ணாமையும் அவருக்குப் பிறந்த வீட்டிலும் கிடைத்தன. புகுந்த உலகிலும் கிடைத்தன. அவருடைய தமையனார் ஸ்ரீராம் பின்னாளில் அச்சங்கத்தின் தலைவரானார்.

1920ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், ஆங்கிலேயக் கல்வியாளரான ஜார்ஜ் அருண்டேல் அவர்களை மணந்தார். அக்காலச் சென்னைச் சமூகம் கொதித்தெழுந்தது. வசைகளைக் கேட்டும் தளராது தம் வழியே நடக்கும் பழக்கம் அவருக்கு அன்றே கைவந்தது எனலாம். பின்னாளில் மாநிலங்களவையில் மாட்டுக்காகவும் நாய்க்காகவும் பேச எழுந்தபோது அப்பழக்கமே அவருக்குத் துணை நின்றது.

கலைவழி

கணவரோடு உலகைச் சுற்றிய காலத்தில், 1928ஆம் ஆண்டளவில், உருசிய நாட்டியப் பேரரசி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. மேலை நாட்டு ஆடற்கலையைக் கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவியைத் தம் சொந்த மண்ணின் கலையை நாடுமாறு பாவ்லோவா வழிப்படுத்தினார். நாடு திரும்பியவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் பயின்றார். தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்துவந்த இசைவேளாளர் குடும்பங்களிடமிருந்தே அவர் அதைப் பெற்றார் என்பதை இங்கே நன்றியோடு குறித்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சங்க வைரவிழாவில் அவர் அரங்கேறினார். அடுத்த ஆண்டில் கலாக்ஷேத்திரம் உதயமாயிற்று. 1945இல் கணவர் மறைந்தார். அம்மையார் துயரத்தைப் பணியில் கரைத்துக்கொண்டார்.

மரத்தடியில் மாணவியர் ஆடிய அவ்வளாகத்தில் நெசவும் இசையும் கல்வியும் ஒருங்கே வளர்ந்தன. அங்கு அழகு என்பது மேடையோடு முடிவதாகக் கருதப்படவில்லை. உண்ணும் உணவிலும், உடுக்கும் துணியிலும், அருகில் வாழும் உயிர்களை நடத்தும் முறையிலும் அழகு வேண்டும் என்பதே அம்மையாரின் கொள்கையாக இருந்தது. கொடுமை அசிங்கமானது, அசிங்கம் குடியிருக்கும் இடத்தில் கலை தங்காது. கலைஞராகிய அவரை உயிர்களின் பக்கம் இழுத்துச் சென்ற இழை இதுவே. உலக சைவ உணவாளர் ஒன்றியத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவராக 1955 முதல் அவர் விளங்கினார்.

மாநிலங்களவையில் ஒரு தனி உறுப்பினர்

1952ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரால் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956இல் மீண்டும் நியமனம் பெற்றார். கலைக்காக நியமிக்கப் பெற்றவர் அவையில் கலையைப் பற்றியே பேசுவார் என்று பலரும் எதிர்பார்த்திருப்பர். அவர் கொண்டுவந்ததோ விலங்குவதைத் தடுப்பு மசோதா.

அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அறுபது ஆண்டுப் பழைமையுடைய அச்சட்டம் பெருகிவரும் கொடுமைகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆய்வுக்கூடங்களில் அறுக்கப்படும் விலங்குகள், வேடிக்கைக் காட்சிகளில் ஆட்டுவிக்கப்படும் விலங்குகள், ஏற்றுமதிக்காகக் கூண்டில் அடைக்கப்படும் குரங்குகள் ஆகியவற்றுக்குப் போதிய காவல் அதில் இல்லை. 1955இல் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட நூற்றுக்கணக்கான குரங்குகள் லண்டன் விமான நிலையத்தில் மூச்சுமுட்டி மாண்டன என்பது ஒன்றே நிலைமையை உணர்த்தப் போதும்.

1953ஆம் ஆண்டில் அம்மையார் தம் மசோதாவை அறிமுகம் செய்தார். அடுத்த ஆண்டில் அது விவாதத்துக்கு வந்தது. தனி உறுப்பினர் ஒருவரின் மசோதா அரசின் துணையின்றிச் சட்டமாவது அரிது. பிரதமர் நேரு அவர்கள் அதன் நோக்கத்தைப் பாராட்டினார். ஆயினும் விரிவான சட்டம் ஒன்றை அரசே கொண்டுவரும் என்று உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார்.

அம்மையாரின் வாழ்வில் மிகக் கடினமான முடிவுகளுள் ஒன்று இஃது என்று கருத இடமுண்டு. கையிலிருக்கும் மசோதாவை விட்டுக்கொடுத்தால் வாக்குறுதி மட்டுமே எஞ்சும். விடாப்பிடியாக நின்றால் வாக்கெடுப்பில் தோற்று, அப்பொருளே ஒரு தலைமுறைக்குப் பேச்சில்லாமற் போகலாம். அவர் திரும்பப் பெற்றார். அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு ஆராய்ந்து அறிக்கை அளித்தது. ஆண்டுகள் உருண்டன. 1960ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டின் 59ஆம் சட்டம் அது.

பெற்றதும் விட்டதும்

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்துக்கு ஆவன செய்ய வேண்டும், தேவையற்ற வலியைத் தடுக்க வேண்டும் என்று கடமை விதிக்கிறது. துன்புறுத்தாதே என்பது எளிது. நலம் பேணு என்பது அரிது. முன்னதோடு நில்லாமல் பின்னதையும் கடமையாக்கியதே இச்சட்டத்தின் சிறப்பு.

பதினோராம் பிரிவு குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. அடித்தல், உதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், நோயுற்ற விலங்கை வேலையில் பூட்டுதல், அசைய முடியாத கூண்டில் அடைத்தல் யாவும் அதில் உண்டு. வீட்டு வாயிலில் எந்நேரமும் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும் நாயை அவிழ்த்து உலவவிடாத உரிமையாளரும் குற்றவாளியே. உணவும் நீரும் தங்குமிடமும் தராதவரும், வளர்த்த விலங்கைத் தெருவில் கைவிடுபவரும் குற்றவாளிகளே. தோட்டக் காவலுக்கென்று கட்டிப்போட்டு, பருவம் முடிந்ததும் மலையிலேயே விட்டு இறங்கும் நாயைப் பற்றியும் அப்பிரிவு பேசுகிறது என்பதை நம் பகுதியினர் உணர்தல் நன்று.

இனி, கிடைக்காதவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதைச் சட்டம் தடைசெய்யவில்லை. அதனைக் கட்டுப்படுத்தவும் மேற்பார்க்கவும் ஒரு குழுவுக்கு மட்டும் வழிசெய்தது. சமயத்தின் பெயரால் அவ்வச் சமூக வழக்கப்படி விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று இருபத்தெட்டாம் பிரிவு விலக்களித்தது. உயிர்க்கொலையை அறவே ஏற்காத ஒருவர் இவ்விலக்குகளைக் கண்டு மனம் வெதும்பாதிருந்திருக்க இயலாது. ஆயினும் முழுமை கிடைக்கவில்லை என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பாதி திறந்த கதவின் வழியே உள்ளே சென்று வேலையைத் தொடங்கினார். நமது ஆகமங்கள் துறவிக்கு மகாவிரதத்தையும் இல்லறத்தாருக்கு அணுவிரதத்தையும் வகுத்தன. இயன்ற அளவிலிருந்து தொடங்குவதும் அறமே என்னும் தெளிவு அதில் உண்டு. அம்மையாரின் செயலை அந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

கருணைக்குக் கருவூலம்

சட்டத்தின் நான்காம் பிரிவின்படி 1962ஆம் ஆண்டில் இந்திய விலங்குநல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி அம்மையாரே. வாரியத்தின் தலைமையகம் சென்னையில் நெடுங்காலம் இயங்கியது; 2018இல்தான் அரியானாவுக்கு மாறிற்று.

நம் அறக்கட்டளையைப் போன்றவை உற்றுநோக்க வேண்டிய பகுதி இதுவே. ஒன்பதாம் பிரிவு வாரியத்தின் பணிகளைக் கூறும்போது, முதுமையாலும் இயலாமையாலும் கைவிடப்பட்ட விலங்குகளும் பறவைகளும் அடைக்கலம் பெறும் பிஞ்சராப்போல்கள், மீட்பு இல்லங்கள், காப்பகங்கள் தோன்ற நிதியுதவி அளித்து ஊக்குவித்தலையும் ஒன்றாக வைக்கிறது. பிஞ்சராப்போல் என்பது குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் சமண வணிகப் பெருமக்கள் நூற்றாண்டுகளாக நடத்திவரும் விலங்குக் காப்பகம். சென்னை அயனாவரத்திலும் நூறாண்டு கடந்த பிஞ்சராப்போல் ஒன்று உண்டு. ஒரு சமூகத்தின் தனி அறமாக இருந்த சொல், இந்திய நாட்டின் சட்ட நூலில் அச்சேறியது. அரசின் கருவூலத்துக்கும் நோயுற்ற மாட்டுக்கும் இடையே முதன்முறையாக நேர்வழி ஒன்று பிறந்தது.

அதன் அருமையைக் காப்பகம் நடத்தியோர் அறிவர். விழா நாளில் உண்டியல் நிறையும். பங்குனி, சித்திரையில் தீவனம் விலையேறும்போது உண்டியல் காலியாக இருக்கும். கால்நடை மருத்துவர் ஊதியம், மருந்து, வைக்கோல், தண்ணீர் இவை நல்ல நாள் பார்த்து வருவன அல்ல. ஒருவரின் இரக்கத்தை நம்பி நடக்கும் காப்பகம் அவர் மறைந்ததும் மூடப்படும். ஒழுங்கான மானியத்தை நம்பி நடப்பது அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். வாரியத்தின் உதவி காலப்போக்கில் பல வகையாக விரிந்தது. பராமரிப்புக்கும் மருந்துக்குமான மானியம், காப்பகக் கட்டடத்துக்கான மானியம், அடிபட்ட விலங்குகளை ஏற்றிவரும் ஊர்திக்கான மானியம், தெருநாய்களின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்குமான மானியம், வெள்ளம் வறட்சி போன்ற பேரிடர்க்கால உதவி என்பன அவற்றுள் அடங்கும்.

மானியம் பெறுவோர்க்கு நிபந்தனைகளும் உண்டு. அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு வேண்டும். நேரில் வந்து பார்ப்போர்க்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அன்பு செய்வதற்குக் கணக்கு எதற்கு என்று சலித்துக்கொள்வோர் உளர். எத்தனை விலங்குகள் வந்தன, எத்தனை பிழைத்தன, எத்தனை மாண்டன, ஏன் மாண்டன என்று எழுதிவைக்காத காப்பகத்தில் விலங்குகள் சத்தமின்றி மடியும். தம் வலியைத் தாமே எடுத்துரைக்க அவற்றுக்கு வாயில்லை. பதிவேடுதான் அவற்றின் வாய்.

தெருநாய்களின் வரலாறே இதற்குச் சான்று. நாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சிகளின் வழியாக இருந்த காலத்தில், சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு கருத்தடை என்னும் மாற்று வழியை 1960களிலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்க 1990களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. 2001ஆம் ஆண்டில் அதுவே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நாடு முழுமைக்குமான விதியாயிற்று. ஒரு நல்ல எண்ணம் விதியாக முதிர்வதற்குப் பொறுமையும் பணமும் பதிவேடும் ஒருசேர வேண்டியிருந்தன.

பிணைப்பை ஆராய்ந்த உலகம்

அம்மையார் வாரியப் பணியில் ஈடுபட்டிருந்த அதே காலத்தில் மேலை நாடுகளில் ஒரு புதிய ஆராய்ச்சி முளைவிட்டது. வீட்டில் வாழும் நாயும் பூனையும் மனிதனுக்கு என்ன செய்கின்றன என்னும் கேள்வி அது. அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் பேசாத குழந்தைகள் தம் நாயின் முன்னிலையில் மனம் திறப்பதைக் கண்டு 1960களின் தொடக்கத்தில் எழுதினார். அறிஞர் அவையில் முதலில் நகைப்பே எழுந்தது. 1980இல் எரிகா ஃபிரீட்மன் முதலானோர் இதயநோயால் மருத்துவமனை சென்று மீண்டவரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். வளர்ப்பு விலங்கு இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்தனர். வளர்ப்பு விலங்கு உடைய 53 பேரில் இறந்தவர் 3 பேர். பின்வந்த ஆய்வுகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை. நலமுடையோரே விலங்கு வளர்க்க முன்வருகின்றனரோ என்னும் ஐயமும் எழுந்தது. ஆயினும் நகைப்பு ஓய்ந்தது. இத்தகைய ஆய்வுகளுக்கென்றே நிதி வழங்கும் நிறுவனங்கள் இன்று உலகில் உள்ளன.

நம் நாட்டில் அப்பிணைப்பை அளந்து பார்க்கும் ஆய்வுக்குக் கிட்டும் நிதி மிகக் குறைவு. பொதி ஏற்றும் கழுதைக்கும் அதன் பின்னே நடப்பவனுக்கும், கிடை ஆட்டுக்கும் காவல் நாய்க்கும், தனித்து வாழும் முதியவருக்கும் அவர் திண்ணையில் படுக்கும் பூனைக்கும் உள்ள உறவை நம் சூழலில் நின்று ஆராய்ந்தால் உலகுக்கே சொல்ல நம்மிடம் செய்தி இருக்கும். விலங்கு மனிதனுக்குப் பயன்படுகிறது என்பதற்காக மட்டும் அதனைப் பேணுதல் அறமாகாது. ஆயினும் பயனைக் கண்டு அன்பின் வாயிலுக்கு வருவோரையும் வரவேற்பதே சான்றோர் நெறி.

மறுத்த பதவி

1977ஆம் ஆண்டில் பிரதமர் மொரார்ஜி தேசாய், அம்மையாரைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளராக்க விழைந்தார். அவர் அதனை ஏற்கவில்லை. நாட்டின் முதற்பெரும் பதவியைவிடத் திருவான்மியூர் மணலில் தாம் நட்ட மரங்களும் வளர்த்த மாணவரும் வாரியப் பணியும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. மறு ஆண்டில் மொரார்ஜி அரசு ஆய்வுக்கான குரங்கு ஏற்றுமதியைத் தடைசெய்தது. பல்லாண்டுகளாக அவ்வேற்றுமதியை எதிர்த்துவந்த அம்மையாருக்குப் பதவியைக் காட்டிலும் இச்செய்தி நிறைவு தந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

பத்மபூஷண், சங்கீத நாடக அகாதெமி விருது முதலிய சிறப்புகள் அவரை நாடி வந்தன. 1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலாக்ஷேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

எஞ்சிய பணி

அம்மையார் விட்டுச்சென்ற சட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. பதினோராம் பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு கிலோ ஏலக்காயின் விலையை அறிந்த நம் ஊரார்க்கு அத்தொகையின் சிறுமையை விளக்க வேண்டுவதில்லை. அபராதத்துக்கு அஞ்சி எவரும் கழுதையின் பொதியைக் குறைக்கப் போவதில்லை. ஆகவே சட்டம் விட்ட இடத்தை மனச்சான்றும், மனச்சான்று தளரும் இடத்தை ஒழுங்கான நிதியும் நிரப்ப வேண்டியிருக்கின்றன.

மலையடிவாரத்தில் இயங்கும் சிறு அறக்கட்டளை எதுவாயினும் அம்மையாரின் வாழ்விலிருந்து இரண்டைக் கைக்கொள்ளலாம். ஒன்று, பொதி விலங்குகள் ஏறத் தொடங்கும் பாதையின் முகப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஓர் எடைத்தராசும் வைத்தல். மற்றொன்று, ஜீவதயைக்கென வரும் ஒவ்வொரு ரூபாயையும் தணிக்கைக்கு உரிய கணக்கில் எழுதுதல். முன்னது இன்றைய விலங்கைக் காக்கும். பின்னது நாளைய மானியத்துக்கு வழி திறந்து, இனி வரும் விலங்குகளையும் காக்கும்.

தாம் எழுதிய மசோதாவைத் தம் கையாலேயே திரும்பப் பெற்ற நாளில் அம்மையார் தோற்றவராகவே பலர் கண்ணுக்குத் தெரிந்திருப்பார். ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார், சட்டம் வந்தது. மேலும் இரண்டு ஆண்டுகளில் வாரியம் வந்தது; மேலும் மூன்று ஆண்டுகளில் கழுதைக்கு 50 கிலோ என்னும் வரம்பு வந்தது. அடுத்த முறை மலைப்பாதையில் மணியோசை கேட்டு ஒதுங்கி நிற்கும்போது, பொதியின் எடையை ஒரு கணம் கண்ணால் அளந்து பார்ப்போமாக. மதுரையில் பிறந்த அந்த அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலி அந்த ஒரு பார்வையிலிருந்து தொடங்கட்டும்.